டீச்சர் வீட்டுச் சாவிப் பலகை

எங்கள் கட்டிடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது என்று முடிவான பொதுக்குழுக் கூட்டம் ஒரு பிப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை நடந்தது. என் மனைவி அது ஜனவரி என்கிறாள். ஜனவரிக் கூட்டம் போதிய ஆள் வராமல் ஒத்திவைக்கப்பட்டது. அவள் நினைவில் இருப்பது அது. நாள், மாதம் விஷயத்தில் வீட்டில் வேறு யாரும் என்னோடு வாதாடுவதில்லை. பல்பு மாற்றினால்கூட அதன் அடியில் மாற்றிய தேதியை எழுதிவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு.

செம்பூரில் ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்தது அந்தக் கட்டிடம். மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது. குடியிருந்தவர்களில் பாதிப்பேர் என்னைப் போல மாட்டுங்காவில் பிறந்தவர்கள். மாட்டுங்காவில் அப்பாவின் வாடகை வீடு அண்ணன் தம்பிகளுக்குப் போதாமல் போனபோது, அங்கே வேறு வீடு வாங்க வக்கில்லாமல் செம்பூருக்கு வந்தவர்கள். அப்போது செம்பூர் என்றால் சுத்திகரிப்பு ஆலைப் புகையும் டிராம்பே பக்கம் போகிற பஸ்களும்தான் என்று மாட்டுங்கா உறவினர்கள் சொல்வார்கள். பிறகு அவர்களே இங்கே வீடு கிடைக்குமா என்று விசாரித்தார்கள். ஒரு பேட்டை விலை ஏறும்போது அங்கிருந்து தள்ளப்படுகிறவர்கள் அடுத்த பேட்டையின் விலையை ஏற்றுகிறார்கள். நகரங்களின் சரித்திரம் பற்றி நான் வாசித்த புத்தகங்களில் இது பல பக்கங்களுக்கு விளக்கப்பட்டிருக்கிறது. எனக்கு அது புரிந்தது டீச்சர் விஷயத்தில்தான்.

டீச்சர் உண்மையில் டீச்சர் இல்லை. மாட்டுங்காவில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தார். வந்த புதிதில் "நான் பாடம் எடுக்கல, ஃபீஸ்தான் எடுக்கேன்" என்று எல்லோரிடமும் திருத்திச் சொல்லிப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மாவோடு வந்தார், அம்மா அந்த வீட்டிலேயே இறந்தார். முதல் மாடியில், படியேறியதும் முதல் வீடு. வீடு அவருடையது அல்ல. சொந்தக்காரர் தொலைவில், முலுண்டில் இருந்தார். பதினொரு மாத ஒப்பந்தத்தைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்து டீச்சர் அங்கே இருந்த காலம், சொந்த வீடுள்ள சொசைட்டி உறுப்பினர்கள் பலர் இருந்த காலத்தைவிட அதிகம்.

பள்ளிக்கூடம் காலை ஷிஃப்ட் என்பதால் மத்தியானம் அவர் வீட்டில் இருப்பார். அதனால் கட்டிடத்தின் எல்லா வீட்டு டூப்ளிகேட் சாவியும் அவரிடம் இருந்தது. யாரும் கூடிப் பேசி ஏற்பாடு செய்ததில்லை. கேஸ் சிலிண்டர் வருகிற நாளில் ஒருவர் சாவியைக் கொடுத்துவிட்டு ஆபீஸ் போயிருப்பார். திரும்ப வாங்க மறந்திருப்பார். பிறகு அடுத்தவர். டீச்சர் ஒரு பிளைவுட் பலகையில் ஆணி அடித்து அவற்றை மாட்டி வைத்திருந்தார். எந்தச் சாவி எந்த வீட்டுக்கு என்று சீட்டு ஒட்டலாமே என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"நம்பர் எழுதி வைக்கதுக்கு, கள்ளனை நானே வீடு வீடா கூட்டிட்டுப் போகலாமே சார்" என்றார்.

சொசைட்டி அறையின் சாவியும் அந்தப் பலகையில்தான் இருந்தது. கூட்டம் நடந்த ஞாயிற்றுக்கிழமை, அறையைத் திறக்க டீச்சர் இறங்கி வந்தார். திறந்தார், ஃபேனைப் போட்டார், அடுக்கியிருந்த நாற்காலிகளைப் பிரித்துப் போட்டார். எல்லோரும் உட்கார்ந்தோம். அவரும் ஓரத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். செயலாளர் கொஞ்ச நேரம் காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"டீச்சர், தப்பா எடுத்துக்கப்படாது. மெம்பர்ஸ் மட்டும்தான்னு ரூல். பில்டர் ஆளெல்லாம் வந்திருக்கா, அதான்."

டீச்சர் எழுந்துவிட்டார். "நான் என்ன ஓட்டுப் போடவா வந்தேன்? சாவி கொண்டாந்தேன். முடிஞ்சதும் பூட்டி மேல குடுத்தனுப்புங்க. ஃபேனை அணைச்சிருங்க, போன தடவை ரெண்டு நாளா ஓடிட்டுக் கெடந்துச்சு."

முலுண்டிலிருந்து வந்திருந்த அவருடைய வீட்டுக்காரர் அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டு, இடித்துக் கட்டுவதற்கு ஆதரவாகக் கை தூக்கினார். நானும் தூக்கினேன். எல்லோரும் தூக்கினார்கள். மழைக்காலத்தில் மூன்றாம் மாடிக் கூரை ஒழுகியது. முழங்கால் தேய்ந்தவர்களுக்கு லிஃப்ட் வேண்டியிருந்தது. இப்போதும் அந்த முடிவு தவறு என்று நான் நினைக்கவில்லை.

விதி இதுதான். கட்டி முடியும்வரை உறுப்பினர்கள் வெளியே வாடகைக்கு இருக்க பில்டர் மாதாமாதம் பணம் தருவார். முடிந்ததும் புது வீடு. வாடகைக்கு இருப்பவர்களுக்கு இரண்டும் இல்லை. அவர்கள் வீட்டுக்காரரோடு பேசிக்கொள்ள வேண்டியது.

டீச்சருக்குத் தேவையாக இருந்தது ஒன்றே ஒன்று. செம்பூரில், தன் சம்பளத்துக்குள், ஒரு வீடு. அவர் பிறந்தது தாராவியில். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர். அந்த வீட்டில் இப்போது தம்பி குடும்பம் இருந்தது. மேலே ஒரு அறை, அதற்கு வெளியே இரும்பு ஏணி. தம்பி எப்போது வேண்டுமானாலும் வரச் சொல்லியிருந்தார்.

"அங்க மட்டும் போக மாட்டேன்க்கா" என்று என் மனைவியிடம் சொன்னார். "தம்பி தங்கமானவன்தான். மழைக்காலத்துல ஒரு கையில சேலையைப் பிடிச்சிட்டு, ஒரு கையில ஏணியைப் பிடிச்சிட்டு, பல்லுல சாப்பாட்டுப் பையைக் கடிச்சிட்டு ஆபீசுக்கு எறங்கியிருக்கேன். படிக்கட்டுள்ள வீடுன்னுதான் இங்க வந்தேன்."

ஏப்ரல் மாதம் முழுவதும் எல்லோரும் வீடு தேடினோம். இங்கே நாங்கள் ஒட்டுமொத்தமாக ஒரு காரியம் செய்தோம். செம்பூர் பெரிய இடம். ஆனால் எங்கள் எல்லோருக்கும் கோயிலுக்கும் மார்க்கெட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவில் உள்ள அந்தச் சில தெருக்களுக்குள்ளேயே வீடு வேண்டும். ரயில்வே லைனைத் தாண்ட யாரும் தயாராக இல்லை. தவிர, எல்லோரும் ஒரே புரோக்கரிடம் போனோம். ஒவ்வொருவரும் அவரிடம் ரகசியமாக, "நம்ம பில்டிங்ல யாருக்கும் தெரிய வேண்டாம். ரெண்டு காசு கூடப் போனாலும் பரவாயில்லை" என்று சொன்னோம். தெரு முழுக்க வாடகை ஏறியது. ஏறுகிறது என்று மாலையில் கேட் அருகே நின்று நாங்களே குறைபட்டுக்கொண்டோம். எங்கள் கையிலிருந்து போவது பில்டரின் பணம். டீச்சர் கையிலிருந்து போக வேண்டியது அவர் சம்பளம்.

அவர் பார்த்த இரண்டு வீடுகள் மீன் சமைப்பார் என்பதால் கைவிட்டுப் போயின. மூன்றாவது வீட்டின் வாசலில் நாங்கள் அவரைச் சந்தித்தோம். ஒரு சனிக்கிழமை மத்தியானம். புரோக்கர் எங்களை வரச் சொன்ன நேரத்துக்கே அவரையும் வரச் சொல்லியிருந்தார். இரண்டு பேர் காத்திருந்தால் வாடகை சீக்கிரம் படியும் என்பது அவர் முறை. தாராவியில் பிறந்து வளர்ந்த இளைஞர். ஹிந்தியில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பார்.

டீச்சர் உள்ளேயிருந்து வந்தார். "வாங்க சார், வாங்கக்கா. நீங்களும் இந்த வீட்டுக்குத்தானா?"

என் மனைவி, "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்" என்றாள். நாங்கள் முன்பணக் காசோலையோடு வந்திருந்தோம்.

"சமையக்கட்டு நல்ல வெளிச்சமா இருக்கு. நீங்களே எடுத்துக்கிடுங்க."

"அதெப்படி டீச்சர், நீங்கதானே முன்னாடி வந்தேள். நீங்க எடுத்துக்கோங்கோ. நாங்க வேற பாத்துப்போம்."

"எனக்கென்னக்கா, ஒத்தை ஆளு. ஒரு ரூம் கெடைச்சாப் போதும். நீங்க ரெண்டு பேரு, பிள்ளைங்க வருவாங்க போவாங்க."

"அவா எங்கே வரா. நீங்க எடுத்துக்கோங்கோன்னா."

புரோக்கர் படியின் கைப்பிடியில் சாய்ந்துகொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆன்ட்டி லோக், யாராவது ஒருத்தர் ஹான் சொல்லுங்க. செம்பூர்ல வீடு இப்படி வெயிட் பண்ணாது."

அப்போது அவருடைய போன் அடித்தது. "ஹான் சார். ஹான் சார். டன் சார்" என்றார். பிறகு போனைப் பைக்குள் போட்டுக்கொண்டே, "கயா. போயிடுச்சு" என்றார். "உங்க பில்டிங் செக்ரட்டரி அங்கிள்தான். வீட்டைப் பாக்கவே இல்ல, டோக்கன் அட்வான்ஸ் அனுப்பிட்டார்."

முதலில் சிரித்தது டீச்சர். "அவர் வீட்டுச் சாவி என் பலகையிலதான தொங்குது. ஒரு நாளைக்குத் தர மாட்டேன்னு சொல்லட்டுமா? வாசல்ல நிக்கட்டும்."

படியிறங்கும்போது புரோக்கர் எனக்கு மட்டும் கேட்கும்படி ஒன்று சொன்னார். அந்தத் தெருக்களில் டீச்சரால் கொடுக்க முடிகிற வாடகையில் இருந்த கடைசி வீடு அது. எங்களுக்கு அடுத்த வாரமே வேறு வீடு கிடைத்தது.

காலி செய்கிற நாள் மே மாதக் கடைசியில் வந்தது. மழைக்கு முன் இடித்துவிட வேண்டும் என்று பில்டர் அவசரப்படுத்தினார். எல்லா வீட்டுச் சாவிகளையும் ஒன்றாக ஒப்படைக்க வேண்டும் என்பது நிபந்தனை. டீச்சர் பலகையைக் கையில் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார். ஒவ்வொரு சாவியாகக் கழற்றி, எந்த வீடு என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தார். பில்டரின் ஆள் தலையாட்டிக்கொண்டே எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் வாளியில் போட்டார். வெறும் பலகையை டீச்சர் டெம்போவில் தன் சாமான்களோடு ஏற்றிக்கொண்டார். ஆண்டாப் ஹில்லில் ஒரு அறை கிடைத்திருந்தது. இரண்டாம் மாடி. "படிக்கட்டு இருக்கு" என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

வாடகை வீட்டில் குடியேறிச் சில வாரங்களில், அந்த வீட்டின் டூப்ளிகேட் சாவியைக் காணோம் என்பதை நான் கவனித்தேன். டீச்சரிடம் கொடுத்துவிட்டதாக மனைவி சொன்னாள்.

"ஆண்டாப் ஹில்லுக்குப் போய்க் கொடுத்தாயா? பஸ் ஏறிப் போய் வாங்க வேண்டிய சாவி எதற்கு உதவும்?"

"வேற யார்ட்ட குடுக்கறது?" என்றாள். பக்கத்து வீட்டில் இருந்தவர்களின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது.

அந்த நவம்பரில் நான் சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டேன். மனைவி மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். பஸ் ஏறி ஆண்டாப் ஹில் போனேன். டீச்சர் அறையில் எங்கள் பழைய பொருளாளர் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அவரும் சாவிக்குத்தான் வந்திருந்தார். சுவரில் அதே பலகை. ஏறக்குறைய எல்லா ஆணியிலும் சாவி இருந்தது. செம்பூரின் தெருக்களில் சிதறிப்போன குடும்பங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல் புது வீட்டுச் சாவிகளைக் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். செயலாளர் வீட்டுச் சாவியும் இருந்தது. நானும் மனைவியும் டீச்சரும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்த அந்த வீட்டின் சாவி.

"பாருங்க சார், அந்த வீட்டுக்குள்ள போகத்தான் முடியல. சாவி வந்துருச்சு" என்றார் டீச்சர்.

பொருளாளர், "டீச்சர், நீங்க இதுக்கு ஏதாவது சார்ஜ் பண்ணணும்" என்றார்.

"சார்ஜ் பண்ணினா நீங்கதான கணக்கு எழுதுவீங்க? வேண்டாம். அதுக்கு இது மேல்."

எங்கள் கட்டிடம் இருந்த இடத்தில் பள்ளம் இருந்தது. பிறகு தூண்கள் வந்தன. நான் காலையில் நடக்கும்போது எந்த மாதம் எந்தத் தளம் என்று பார்த்துவைத்துக்கொள்வேன். எட்டாவது தளம் போடுகிற சமயத்தில் டீச்சர் ஆண்டாப் ஹில் அறையையும் காலி செய்ய வேண்டி வந்தது. பதினொரு மாதம் முடிந்ததும் அறையின் சொந்தக்காரர் புதுப்பிக்கவில்லை. அந்தப் பக்கமும் இரண்டு கட்டிடங்கள் இடிபட்டு, ஆட்கள் வீடு தேடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் சிலர் செம்பூர் வாடகை கட்டுப்படாமல் அங்கே வந்தவர்கள். அதே சமயத்தில் டீச்சர் பள்ளிக்கூட வேலையிலிருந்தும் ஓய்வு பெற்றார். பலகையோடு தாராவிக்குப் போனார், தம்பி வீட்டு மேல் அறைக்கு. தம்பியிடம் வாடகை வாங்கிக்கொள்ளச் சொல்லி, வாங்கினால்தான் வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனதாகக் கேள்விப்பட்டோம். தாராவியிலும் இடித்துக் கட்டுவதற்கான கணக்கெடுப்பு நடந்துகொண்டிருந்தது. கீழே இருப்பவர்களுக்கு ஒரு மாதிரியும் மேலே இருப்பவர்களுக்கு வேறு மாதிரியும் பேச்சு அடிபட்டது.

தாராவிக்குச் சாவி கேட்டுப் போனவர்கள் குறைவு. மாட்டுங்காவில் பிறந்து அறுபது வயது தாண்டியும் தாராவிக்குள் ஒரு தடவைகூடக் கால் வைக்காதவர்கள் எங்களில் பலர். நடுவில் இருப்பது ஒரு ரயில் பாதைதான்.

புதுக் கட்டிடம் முடிந்து நாங்கள் குடியேறியது ஒரு தசரா சமயம். பழைய கட்டிடத்தில் மாதச் செலவு என்று நாங்கள் கொடுத்தது இப்போது லிஃப்டுக்கும் காவலுக்கும் காணாது. ஓய்வூதியத்தில் அதைக் கட்ட முடியாத சிலர் வீட்டை விற்றுவிட்டு முலுண்டுக்கும் அதைத் தாண்டியும் போனார்கள். டீச்சரின் பழைய வீட்டுக்காரர் அவருக்குப் போன் செய்து, புது வீடு தயார், வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். புது வாடகையையும் சொல்லியிருக்கிறார். "நல்ல மனுசன். கேக்கவாவது செஞ்சாரே" என்று டீச்சர் என் மனைவியிடம் சொன்னார். அந்த வீட்டில் இப்போது இளம் தம்பதி இருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் வேலை. லிஃப்டில் பார்த்தால் சிரிப்பார்கள்.

புது வீடுகளின் கதவுகளுக்குச் சாவி கிடையாது. எண்களை அழுத்தினால் திறக்கும். பேட்டரி தீர்ந்தால் திறப்பதற்கு மட்டும் ஒரு சாவி, சின்னக் காகித உறையில் பூட்டோடு வந்தது. என் பேட்டரியில் போட்ட தேதியை எழுதிவைத்தேன். மற்றவர்கள் எழுதவில்லை. அடுத்த ஆண்டு கோடையில், ஒரு மத்தியானம், செயலாளர் வீட்டுப் பூட்டு உயிரை விட்டது. அவரும் மனைவியும் காய்கறிப் பையோடு வெளியே நின்றார்கள். உறை எங்கே என்று கேட்டோம்.

"உள்ளே, பீரோல" என்றார்.

கம்பெனி ஆள் வருவதற்குச் சாயங்காலம் ஆகிவிட்டது. காத்திருந்த நேரத்தில் கூடியவர்களை விசாரித்தால், எல்லோரும் உறையைத் தங்கள் வீட்டுக்குள்ளேயே பத்திரமாக வைத்திருந்தார்கள். நாங்களும்தான். யாரோ, "டீச்சர் இருந்தா" என்று ஆரம்பித்தார். மறுநாள் டீச்சரிடம் கொடுத்துவைக்கச் சொல்லி, பழைய குடும்பங்களிலிருந்து எட்டு உறைகள் என்னிடம் வந்தன. எனக்கு நேரம் இருக்கிறது என்பதும், நான் முன்பே ஒருமுறை டீச்சரைத் தேடிப் போனவன் என்பதும் காரணம்.

தாராவியை ஒட்டிய சயானில் பஸ் இறங்கி நடந்தேன். தம்பி வீட்டைக் கண்டுபிடிப்பதில் சிரமம் இல்லை, தெருமுனை டீக்கடையிலேயே, "சாவி டீச்சரா?" என்று கேட்டார்கள். ஏணி செங்குத்தாக இருந்தது.

மேலேயிருந்து குரல் வந்தது. "பைய வாங்க சார். கைப்பிடி வலது பக்கந்தான் உண்டு."

அறை சுத்தமாக இருந்தது. பலகை மாட்டியிருந்தது. அதில் நாங்கள் எப்போதோ காலி செய்துவிட்ட வாடகை வீடுகளின் சாவிகள் சில, கேட்பாரில்லாமல். அவற்றை ஒரு கவரில் போட்டு, "நீங்க வந்தா குடுக்கலாம்னுதான் வச்சிருந்தேன்" என்று தந்தார். நான் எட்டு உறைகளையும் எடுத்து வைத்துச் செயலாளர் கதையைச் சொன்னேன்.

"சாவியை உள்ள வச்சிட்டு வெளிய நின்னாராக்கும். அன்னைக்கே நான் சொன்னேம்லா, வாசல்ல நிக்கட்டும்னு" என்று நெடுநேரம் சிரித்தார். பிறகு உறைகளை அடுக்கி என் பக்கம் தள்ளினார். "இது வேண்டாம் சார்."

"பழக்கம்தானே டீச்சர்."

"அங்கன இருக்கும்போது வச்சிருந்தேன். மழை பெஞ்சா உங்க ஜன்னலைச் சாத்துவேன். கேஸ்காரன் வந்தா தொறந்து விடுவேன். இங்கன இருந்து என்ன செய்ய? கதவு தொறக்கலைன்னு நீங்க பஸ்ஸு ஏறி, நடந்து, இந்த ஏணியில ஏறி எறங்குததுக்குள்ள கம்பெனிக்காரனே வந்துருவான்."

"ஆண்டாப் ஹில்லில் வைத்திருந்தீர்களே."

"அப்போ திரும்பி வந்துருவேன்னு நெனச்சேன்."

கீழே தம்பியின் மனைவி யாரிடமோ ஹிந்தியில் தண்ணீர் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். டீச்சர் ஸ்டவ்வைப் பற்றவைத்தார்.

"இதையும் இடிப்பாங்க. தம்பிக்கு வீடு உண்டுன்னு சொல்லுதாங்க. மேல இருக்கவ எங்கன போவான்னு இன்னும் ஒருத்தரும் சொல்லல. உங்க சாவியும் என்கூடச் சேந்து அலையணுமா?" என்றார். "டீ குடிச்சிட்டுப் போங்க. எறங்கும்போது முகத்தை ஏணிப் பக்கமா வச்சு எறங்கணும். புதுசா வாரவங்க தெரியாம முன்பக்கமாப் பாத்து எறங்குவாங்க."

அவர் சொன்னபடி இறங்கினேன். உறைகளை அன்று சாயங்காலமே வீடு வீடாகத் திருப்பிக் கொடுத்தேன். டீச்சருக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று எல்லோரும் கேட்டார்கள். செயலாளர் உறையை வாங்கி, இந்தத் தடவை பீரோவில் வேண்டாம் என்று சொல்லி, பூஜை அலமாரியில் வைத்தார்.

எங்கள் உறை என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. பூட்டோடு வந்த கையேட்டில், இந்தச் சாவியை வீட்டுக்கு வெளியே, நம்பகமான ஒருவரிடம் வைக்கவும் என்று போட்டிருக்கிறது. என் மனைவி அந்த வரியை இரண்டு தடவை வாசித்துவிட்டு, கையேட்டையும் அதே இழுப்பறையில் போட்டு மூடினாள்.